பாப்பாவுக்கு, தாழ்ப்பாள் விஷயமாக

தென்காசி
புதன்கிழமை ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நீ நலமா என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்பாய், அதனால் கேட்கவில்லை. பார்சலையும் இதையும் உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். கூரியர்காரன் வருகிற நேரத்தில் நீ வீட்டில் இருக்கமாட்டாய், அதுதான் காரணம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க எந்த ஆணி வாங்கணும் என்று கேட்டாய். "ஒரு இஞ்ச் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். நாற்பது வருஷம் உளி பிடித்தவன் சொல்கிற பதிலா அது? அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. நான் கூப்பிட்டாலும் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரியே பேசுகிறாய்.

ஒரு இஞ்ச் ஆணி வாங்கியிருந்தால் அதைத் தூர வை. தாழ்ப்பாளுக்கு ஆணி கூடாது.

காரணம் சொல்கிறேன். ஆணி குறுக்கே வருகிற பாரத்தை நன்றாகத் தாங்கும். வளையும், சட்டென்று ஒடியாது. அதனால்தான் சட்டம் சேர்க்கவும் சென்ட்ரிங் பலகைக்கும் அதை அடிக்கிறோம். ஆனால் அடித்த வாக்கிலேயே பிடித்து இழுத்தால் பல்லைப் பிடுங்கினமாதிரி வந்துவிடும். உன் ரூம் கதவு உள்ளே திறக்கிற கதவு. வெளியிலிருந்து காற்று பலமாகத் தள்ளினால், கோயம்புத்தூரில் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கதவையெல்லாம் அடிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அந்த வேகம் முழுதும் தாழ்ப்பாள் கம்பி போய் நுழைவதற்கு நிலையில் இருக்கிற நாதாங்கியின் மேல்தான் விழும். அதை நேராகப் பிடுங்கும். கதவு எவ்வளவு நல்ல கதவு என்பதெல்லாம் அப்போது கணக்கில்லை.

சின்ன வயசில் பட்டறையில் உட்கார்ந்து வளைந்த ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்துவாய், ஒரு டப்பாவுக்கு ஒரு ரூபாய். உன் அண்ணனுக்கு சுத்தியல் கொடுத்தேன், உனக்கு டப்பா கொடுத்தேன். "கேஜ்னா என்னப்பா" என்று நீதான் கேட்டாய், அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். கம்பி ஆணியில் கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். 8 கேஜ் என்றால் 4 மில்லி தடிமன், 16 கேஜ் என்றால் ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே. ஸ்க்ரூவில் இது தலைகீழ், நம்பர் ஏறினால் தடிக்கும். கடைக்காரப் பையன்களே இதில் குழம்புவார்கள், நீ குழம்பாதே.

பலகை எத்தனை கனமோ அதைப்போல மூன்று பங்கு ஆணி நீளம். பீடிங்குக்கு, அதுதான் ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய மரப்பட்டிக்கு, தலையில்லாத பொடி ஆணி. வேங்கை, கருவேலம் மாதிரித் துவர்ப்பான மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் ஈரம் பட்டதும் சுற்றிலும் கருத்துவிடும். ஓரத்தில் அடிக்கும்போது மரம் பிளக்காமலிருக்க ஆணி முனையை ஒரு தட்டு தட்டி மழுக்கிக்கொள். கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கல் முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். கான்கிரீட் ஆணியை மட்டும் நீ தொடவே தொடாதே. அது வளையாது, ஒடிந்து கண்ணுக்கு வரும். உன் தாத்தா நிலைக்கு இரும்பே வைக்கமாட்டார், ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கின கழுந்தை இன்னொன்றின் துளையில் ஏற்றி மூங்கில் ஆணி அடிப்பார். கீழ வீட்டு நிலை இன்னும் அசையவில்லை, நீயும் பார்த்திருக்கிறாய்.

இதெல்லாம் உனக்கு எதற்கு இப்போது. தாழ்ப்பாளுக்கு ஆணி கூடாது, அதுதான் சொல்லவந்தேன்.

பி.எட். முடித்து வேலைக்கு வாங்கின ஆர்டரை நான் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், மரம் வாங்க வருகிறவனெல்லாம் படித்துவிட்டுத்தான் விலை பேசுகிறான். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாதா? பொங்கலுக்கு வந்தபோதும் அடுப்படியை விட்டு நீ வெளியே வரவில்லை. மாப்பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "அவளுக்கு வேலை ஜாஸ்தி மாமா." நானும் தலையாட்டினேன்.

காற்று, காற்று என்று எழுதிக்கொண்டே போகிறேன்.

பாப்பா, ஆணி எப்படி உருவும் என்று எனக்குத் தொழிலால் மட்டும் தெரிந்ததல்ல. நீ மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு நான் குடித்துவிட்டு வந்தேன். அம்மா உங்கள் இரண்டு பேரையும் உள் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள். அந்த நாதாங்கியை நான்தான் வைத்திருந்தேன். ஸ்க்ரூ கையில் இல்லை, நம் வீடுதானே என்று ஒரு இஞ்ச் ஆணி இரண்டு அடித்து விட்டிருந்தேன். இரண்டாவது தள்ளில் கதவு திறந்துகொண்டது. ஆணி இரண்டும் வளையக்கூட இல்லை, நேராகத் தரையில் கிடந்தன. காலையில் அதைத்தான் முதலில் பார்த்தேன். நீ கட்டிலுக்கு அடியில் இருந்தாய்.

மக்குப் பூசினேன், பெயிண்ட் அடித்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அம்மா அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்த இடத்தில் காலண்டர் மாட்டுகிறாள், வருஷம் மாறினாலும் ஆணி அதே இடத்தில்தான். குடியை விட்டதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் நீ தாழ்ப்பாள் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, அதனால்தான் போனை அம்மாவிடம் தள்ளினேன். டிவி சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னது பொய்.

பார்சலில் பத்து இஞ்ச் டவர் போல்ட், கம்பியைத் தள்ளிப் போடுகிற தாழ்ப்பாள், ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூ இரண்டு பொட்டலம். 25 மில்லி நீளம் 8 நம்பர் கதவுக்கு. உன் கதவு பிளஷ் டோர், இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டின கதவு, 30 மில்லிதான் இருக்கும், 35 போட்டால் வெளியே மூக்கு நீட்டும். ஓரத்திலிருந்து இரண்டு இஞ்சுக்குள் வை, நடுவில் மரம் பலமில்லை. 50 நீளம் 8 நம்பர் நிலைக்கு, நாதாங்கிக்கு நாலும் அதுவே. 3 மில்லி பிட்டால் துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்பு தடவித் திருப்பு. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவைக் கடைக்காரன் கொடுத்தால் வாங்காதே, தலை முறிந்துவிடும்.

கதவை ஊடுருவிப் போகிற உருண்டைத்தலை போல்ட் நாலும் நட்டோடு வைத்திருக்கிறேன். அதுதான் உறுதி. ஆனால் தலை வெளிப்பக்கம் தெரியும். தெரியட்டுமா வேண்டாமா என்று நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முடியாவிட்டால் விட்டுவிடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் டிரில் மெஷினோடு ஏறுகிறேன், சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். கதவு சரிபார்க்க வந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னோடு கிளம்பி வருவதாக இருந்தால் டிரில்லைப் பையைவிட்டே எடுக்கமாட்டேன். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நேற்று உன் ரூமைக் கழுவிவிட்டாள்.

பார்சல் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேசவேண்டாம்.

அப்பா

25 கதவுக்கு, 50 நிலைக்கு. பொட்டலத்தின் மேலும் எழுதியிருக்கிறேன்.