தேயிலையும் மூலிகைக் குடிநீரும்

அன்புள்ள மகளுக்கு,

பால் தேநீரை நிறுத்திவிட்டு, உறங்கப்போகும் முன் மூலிகைப் பானம் என்று நம்பிப் பச்சைத் தேநீர் குடிப்பதாகவும், ஆனாலும் உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். பச்சைத் தேநீர் மூலிகைப் பானம் அன்று, மகளே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட, உன் பாட்டி ஹற்றன் மலையில் கொழுந்து பறித்த அதே தேயிலைச் செடிதான் அதற்கும் மூலம். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தால் இலையிலுள்ள நொதி அதைச் செம்பழுப்பாக்கும். அதை உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கி நொதியை அடக்கிவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும். நிறமும் சுவையும் மாறுமே தவிர, உறக்கத்தை விரட்டும் கஃபீன் போய்விடாது. கோப்பைக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம். உன் உறக்கத்தைக் கலைக்க அதுவே போதும்.

மல்லித் தண்ணீர், ஆவாரம்பூ, வில்வம்பூ, பொல்பலா என்னும் சிறுபீளை ஆகியவற்றில் தேயிலையும் இல்லை, கஃபீனும் இல்லை. பொல்பலா சிறுநீரைப் பெருக்கும் என்பதால் அதைப் பகலில் குடிப்பதே நல்லது. தேயிலை அல்லாத எல்லாவற்றிலும் கஃபீன் இராது என்றும் எண்ணிவிடாதே. தென்னாப்பிரிக்க ரூய்போஸ் இலைப் பானத்தில் அது கிடையாது, தென்னமெரிக்க மாத்தே இலைப் பானத்தில் உண்டு. மூலிகை என்று பெரிதாக அச்சிட்ட பெட்டிகள் சிலவற்றில் பச்சைத் தேயிலையும் கலந்திருக்கும். ஆகவே முகப்பைப் பார்க்காமல், பின்புறமுள்ள சேர்மானங்களைப் படித்து வாங்கு.

தயாரிக்கும் முறையும் ஒன்றன்று. பூவையும் மெல்லிய இலையையும் கொதிக்க விடாமல், வெந்நீர் ஊற்றி, மணம் ஆவியோடு போகாதபடி மூடி வைக்க வேண்டும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) வெந்நீரில் ஊறினால் மட்டும் சாரம் முழுமையாக இறங்காது. மல்லியை இலேசாக வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நீர் சற்றுச் சுண்டும்வரை சிறுதீயில் கொதிக்க வைப்பதே நம் வீட்டு வழக்கம், அதுவே சரியானதும்கூட. கடைப் பொட்டலத்தை இரண்டு நிமிடம் நனைத்துக் குடித்துவிட்டு மல்லித் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று யாரேனும் சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் அதிமதுரம் சேர்ந்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதே. அது அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே. தேநீர் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். புதினா நீரும் அப்படித்தான். மாத்திரைக்கும் இவற்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது விடு.

அன்புடன்,
அப்பா