எழும்பூரில் அப்பாவிடம் பேசிய ஐயாவுக்கு நன்றி

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி வாசலில், நுழைவுத் தேர்வு நாளன்று, தோளில் துணிப்பையுடன் நின்றிருந்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள், ஐயா.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் அப்பா என்னைச் சிவகாசியிலிருந்து அழைத்து வந்திருந்தார். அம்மாவின் கண்ணீருக்கும் என் ஓவிய நோட்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தேன். நான் உள்ளே வரைந்துகொண்டிருந்த நேரத்தில் நீங்கள் அவரிடம் பேசியிருக்கிறீர்கள். கடிந்துகொள்ளவில்லை, அதுதான் பெரிய விஷயம். 1850இல் தொடங்கிய கல்லூரி இது, மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இங்கேதான் முதல்வராக இருந்தார், ஓவியம் மட்டுமல்ல, துணி வடிவமைப்பிலும் பட்டம் பெறலாம் என்று பொறுமையாகச் சொன்னீர்களாம். அச்சகத் தொழிலாளி என்று தெரிந்ததும், “நீங்கள் அச்சிடும் காலண்டர் படத்தை யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே வரைந்தது?” என்று கேட்டீர்களாம். திரும்பும் ரயிலில் அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது சிற்பப் பிரிவில் படிக்கிறேன். செலவுக்கு அப்பாவே பணம் அனுப்புகிறார். அம்மாவின் கவலை இன்னும் தீரவில்லை. அவரிடம் நான்தான் பேச வேண்டும். இதைப் படித்தால் ஒருமுறை கல்லூரிப் பக்கம் வாருங்கள், ஐயா. அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.