கல்லறைக்கு மன்னிப்பு கேட்டாயிற்று, காசுக்கு?

பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு,

வணக்கம். கடிதம் தமிழில் வருகிறதே என்று பார்க்காதீர்கள். உலகத்தில் பாதி மொழிகளில் ஆள் பிடித்துப் படை திரட்டியவர்கள் நீங்கள், இதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்காமலா போவார்.

இரண்டாம் உலகப் போரில் உங்கள் ராணுவத்தில் இருந்த ஐசக் ஃபடோயெபோ என்ற நைஜீரியக்காரரைப் பற்றியும், அவரைப் போன்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கு நீங்கள் வைத்த பாக்கியைப் பற்றியும் எழுதுகிறேன். எமுரே-இலே என்ற, யொரூபா இனத்தார் வாழும் கிராமத்துப் பையன். 1942 ஜனவரியில், 16 வயதில், வீட்டாரைக் கேட்காமல் அபியோகுடாவில் போய் உங்கள் ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டார். ஹிட்லர் யார், ஜப்பான் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பார்த்துச் சேரவில்லை, படித்த பையனுக்கு ஒரு சம்பளம், ஊரைத் தாண்டி உலகம், அவ்வளவுதான். மருத்துவப் பிரிவில் போட்டீர்கள். 81-வது மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவோடு கப்பலேறி இந்தியா வந்து, அங்கிருந்து பர்மாவின் அரக்கான் பக்கம், கலாடன் பள்ளத்தாக்கு.

அந்தப் படைப்பிரிவு என்ன செய்தது என்று உங்களுக்கே நினைவிருக்குமோ இல்லையோ. சிரிங்காவிலிருந்து கலாடன் வரை 75 மைல், மலையும் காடுமாக இருந்த இடத்தில் கைக்கருவிகளை வைத்து வெட்டியே ஜீப் போகிற பாதை போட்டார்கள். அதற்கப்புறம் சாப்பாடு, தோட்டா எல்லாம் வானத்திலிருந்து விழுந்தால் உண்டு. கோவேறு கழுதை ஏறாத இடத்தில் மனிதன் தலைச்சுமையாக ஏற்றினான். தோளில் சிலந்திச் சின்னம், அவர்கள் கதைகளில் வருகிற அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தி.

1944 மார்ச் 2, காலை. ஆற்றங்கரையில் முகாம். ஜப்பானியர் சுட ஆரம்பித்ததும் ஐசக்குக்குத் தொடை எலும்பு முறிந்தது, வயிற்றிலும் குண்டு. சுற்றியிருந்தவர்கள் செத்தார்கள், தப்பியவர்கள் ஓடினார்கள். ஜப்பானியர் வந்து பார்த்துவிட்டு, இவன் எப்படியும் சாகப்போகிறவன் என்று விட்டுப் போனார்கள். அவரோடு உயிர் தங்கிய இன்னொருவர் சியரா லியோன்காரர் டேவிட் கக்போ. இரண்டு பேரும் காட்டில் புழு நெளிகிற புண்ணோடு கிடந்தபோது கிராமத்து முஸ்லிம்கள் சிலர் சோறு கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் ஷுயிமான் என்ற குடியானவர் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் மறைத்து வைத்தார். பிடிபட்டால் குடும்பத்தோடு தலை போகும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? டிசம்பரில் உங்கள் தரப்புப் படை வந்து சேரும்வரை, ஒன்பது மாதம்.

ரோஹிங்கியா என்று இன்று நாம் செய்தியில் படிக்கிறோமே, அந்த மக்கள்தான்.

எங்கள் பக்கம் பர்மா என்றால் வேறு கதை. 1942-ல் ரங்கூனை விட்டு நடந்தே கிளம்பியவர்கள், வழியில் காலராவில் செத்தவர்கள், நேதாஜியின் படையில் சேர்ந்த மலேயாத் தமிழர்கள். அதே கலாடன் பக்கம், அதே 1944-ல், நேதாஜியின் அந்தப் படையான ஐ.என்.ஏ.வின் சுபாஷ் படையணியில் ஒரு பட்டாலியன் இந்த மேற்கு ஆப்பிரிக்கர்களோடு மோதியிருக்கிறது. நாங்கள் வளர்ந்த கதையில் ஐசக் எதிரிப் பக்கம். இதை மறைத்துவிட்டு உங்களுக்குக் கடிதம் எழுதினால் நன்றாக இருக்காது. இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது: காலனியில் பிறந்த ஒருவன் இன்னொரு காலனியில் பிறந்தவனைச் சுட, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஒரு ஊர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர் முடிந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது பணிக்கொடை கொடுத்தீர்கள். பதவி, எத்தனை மாத சேவை, இரண்டும் பார்த்தீர்கள், நியாயம். மூன்றாவதாகத் தோலின் நிறம் பார்த்தீர்கள். ஆப்பிரிக்கக் காலனியில் வசித்த வெள்ளைச் சிப்பாய்க்கு மாதத்துக்கு 10 ஷில்லிங், அதே பதவியில் கறுப்புச் சிப்பாய்க்கு 3.5 ஷில்லிங். இது யாரோ கிழவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன குறை இல்லை, உங்கள் அரசாங்கமே எழுதிய காகிதம், 2019-ல் வெளியே வந்தது. நான் அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த அரை ஷில்லிங்கைத்தான். ஒரு ஆள் உட்கார்ந்து, 3 கொடுத்தால் குறைவு, 4 கொடுத்தால் அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. பிரம்படியை உங்கள் சொந்த ராணுவத்தில் 1881-லேயே ஒழித்துவிட்டீர்கள், ஆப்பிரிக்கச் சிப்பாயின் முதுகுக்கு மட்டும் இரண்டாம் உலகப் போரிலும் வைத்திருந்தீர்கள். கோல்டு கோஸ்ட்காரர் (இன்றைய கானா) செத் அந்தோணிக்கு 1942-ல் அதிகாரி பதவி கொடுத்தீர்கள், பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்படி அதிகாரியான முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர். முதல் ஆள், 1942-ல்!

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 1948 பிப்ரவரி 28, அதே கோல்டு கோஸ்டின் தலைநகர் அக்ரா. முன்னாள் சிப்பாய்கள் கவர்னரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். துப்பாக்கி இல்லை, கையில் மனு. போலீஸ் அதிகாரி சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள்: சார்ஜென்ட் அட்ஜெட்டி, கார்ப்பரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்ட்டி லாம்ப்டி. ஊரே பற்றி எரிந்தது. 9 வருடத்தில் கானா உங்கள் கையை விட்டுப் போனது. அந்த ஊர் ராணுவத் தலைமையகத்தின் பெயர் இன்றும் பர்மா முகாம்தான். அவர்கள் மறக்கவில்லை.

உங்களுக்கு மன்னிப்பு கேட்கவே தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஏப்ரலில் உங்கள் அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே எழுந்து கேட்டார். முதல் உலகப் போரில் செத்த கறுப்பு, பழுப்புத் தோல்காரர்கள் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பொறித்த கல்லே இல்லை என்று, போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் கமிஷனின் அறிக்கை வந்தபோது. நல்ல காரியம். ஆனால் செத்தவன் கல் கேட்டு வரமாட்டான், மன்னிப்போடு போயிற்று. உயிரோடு திரும்பியவனின் பாக்கி, கணக்குப் பார்த்தால் தொகை வரும். அதனால்தான் அந்தப் பக்கம் சத்தமே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். காமன்வெல்த் முன்னாள் வீரர்களுக்கு 2018-ல் 1.2 கோடி பவுண்டு அறிவித்தீர்கள், தெரியும். அது வறுமை நிவாரணம். நான் சொல்வது கூலி. தானமாகக் கொடுத்ததைக் கூலிக் கணக்கில் கழிக்க முடியாது.

ஐசக் ஊர் திரும்பி, அரசு வேலை பார்த்து, காலை இழுத்து இழுத்து நடந்தே ஒரு வாழ்க்கையை ஓட்டினார். நடந்ததையெல்லாம் தானே எழுதியும் வைத்தார். ஜப்பானியரைப் பற்றித் திட்டித் தீர்க்கலாம், உங்களையும் திட்டலாம், ஆனால் கடைசிவரை அவரை அரித்தது வேறு: ஷுயிமானுக்கு நன்றி சொல்லவில்லையே என்பது. 2011-ல் ஒரு பத்திரிகையாளர் அவருடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு பர்மா போய், ஷுயிமான் இறந்துபோயிருந்ததால் குடும்பத்தாரிடம் சேர்த்தார். 2012-ல் ஐசக்கும் இறந்துபோனார்.

இனி நான் கேட்பது. நிறம் பார்த்துப் பணிக்கொடை போட்ட எல்லாக் கோப்புகளையும், ஒவ்வொரு காலனிக்கும், முழுதாக வெளியிடுங்கள். வித்தியாசத்தை இன்றைய மதிப்பில் கணக்குப் போடுங்கள். இருக்கிறவர்களுக்கு 100 வயது ஆகிறது, கமிட்டி போட்டு மூன்று வருடம் இழுத்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள், ஆகவே முதலில் அவர்களுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, பேரன் பேத்திகளுக்கு. ஆதாரம் எங்கே என்று அந்தக் குடும்பங்களை அலையவிடாதீர்கள், பெயர்ப் பட்டியல் எழுதியவர்கள் நீங்கள்தான்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். எமுரே-இலேவுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பர்மாக் கதை கேட்டு வளர்ந்த ஒரு தமிழன்