முதல் பருவ நிறைவையொட்டிப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் தரப்படும். கோ-கோவில் நம் மாணவிகள் பரிசு வாங்கினார்கள். எட்டாம் வகுப்பினர் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய் வந்தார்கள். சுதந்திர தினம், ஆசிரியர் தினம் எல்லாம் இனிதே நடந்தன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

சரி, இனி சாயங்காலம் கேட் திறப்பது பற்றி.

இந்தப் பருவத்தில் பல நாள், பள்ளி விடும் நேரமாகப் பார்த்து இடி இடித்தது. அந்த நாட்களில் பிள்ளைகளை உடனே வெளியே விடவில்லை. "ஒரு சொட்டு மழை இல்லை, எதற்குப் பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. நான் தலைமையாசிரியர் ஆவதற்கு முன் இயற்பியல் எடுத்தவள் என்பதால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. தரை நன்றாகக் காய்ந்த பிறகு, நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் சூடான, ஈரமான காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. சில மணி நேரத்தில் மேகம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடும். அந்த மேகத்துக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே மாதிரி அவற்றில் மின்னூட்டம் பிரிகிறது. மேகத்தின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் சேர்கிறது, கீழே தரையில் அதற்கு நேர்மாறானது. பகல் வெயில் தொடங்கி வைத்த இந்த வேலை முற்றுவதற்கு மாலை மூன்று, நான்கு மணி ஆகிவிடும். நம் பள்ளி மணியும் அப்போதுதான் அடிக்கிறது!

மழை பெய்யும் இடத்தில்தான் மின்னல் விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மழை விழும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். மீனம்பாக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்போது வேளச்சேரியில் வெயில் அடிக்கலாம். அந்த வெயிலில் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு.

மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணச் சொல்லி ஆறாம் வகுப்பிலேயே கற்றுத் தருகிறோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி. பதினைந்து எண்ணிய பிறகு இடி கேட்டால் மின்னல் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில். "அப்போ தூரம்தானே மிஸ்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்த மின்னல் தூரம்தான், அடுத்தது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. இடி பொதுவாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. அதனால் காதில் இடி விழுந்தாலே நாம் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருப்பது நான் போட்ட சட்டம் இல்லை, உலகம் முழுக்கப் பள்ளிகளும் விளையாட்டு மைதானங்களும் பின்பற்றும் வழக்கம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கேட்டுக்கு எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரம். இடி இடித்தால் அத்தனை பேரும் அதன் அடியில்தான் ஒதுங்குகிறீர்கள். உயரமான மரத்தில் மின்னல் விழ வாய்ப்பு அதிகம். விழுந்த மின்சாரம் தண்டு வழியே முழுவதுமாக மண்ணுக்குப் போய்விடாது. பாதி வழியில் பக்கத்தில் நிற்பவர் உடலுக்குத் தாவும். மண்ணில் இறங்கியதும் சுற்றிலும் பரவி, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். நம் மொட்டை மாடியில் இடிதாங்கி இருக்கிறது. அது கட்டடத்தைக் காக்கும். கேட் வரைக்கும் அதன் கை நீளாது.

ஸ்கூட்டர், பைக், ஆட்டோ மூன்றும் மின்னலுக்குத் திறந்த வெளிதான். கண்ணாடி ஏற்றிய கார் பரவாயில்லை. அதற்குக் காரணம் ரப்பர் டயர் இல்லை, மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும் உலோகக் கூடு. அப்புறம், கைபேசி மின்னலை இழுக்கும் என்று ஒரு ஃபார்வர்டு வருடா வருடம் வருகிறது. இழுக்காது. சார்ஜரில் செருகியபடி பேசினால்தான் வம்பு. இடி இடிக்கும்போது "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லும் பாட்டிமார்களிடம் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. வீட்டுக்குள் இருந்து சொல்லட்டும்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. பர்மிஷன் போட்டு வந்திருப்பீர்கள், ஆட்டோக்காரர் வெயிட்டிங் கேட்பார், டியூஷனுக்கு நேரமாகும், வீட்டில் கைக்குழந்தை தனியாகப் பாட்டியிடம் இருக்கும். ஆனாலும் சென்ற வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலர் காவலர் அண்ணனை ஒருமையில் திட்டினீர்கள். ஒருவர் கேட்டின் மேல் வழியாகவே பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். "நானும் இன்ஜினியர்தான், எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றார் இன்னொருவர். 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற பேராசிரியர், மேகத்தின் மின்சாரத்தை அளக்க வீட்டுக்குள் கம்பி இழுத்து வைத்து, அதிலேயே அடிபட்டு இறந்தார். மின்னலைப் பற்றி அன்று அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் உலகத்தில் வெகு சிலரே.

இனி காவலரிடமோ ஆயாம்மாவிடமோ மரியாதைக் குறைவாகப் பேசுபவர்கள் என் அறைக்கு வந்து என்னிடம் பேசிய பிறகுதான் பிள்ளையை அழைத்துப் போக முடியும். கேட்டின் மேல் வழியாகப் பிள்ளையைத் தூக்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. காத்திருக்கும் முப்பது நிமிடத்தில் யாருக்காகவும் விதிவிலக்கு கிடையாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் சில மாற்றங்கள் செய்கிறோம். இடி கேட்டதும் சிறிய கேட் வழியாகப் பெற்றோர்கள் உள்ளே வந்து கலையரங்கத்தில் உட்காரலாம். மின்விசிறியும் குடிநீரும் இருக்கும். பிள்ளைகளும் அங்கேயே உங்களோடு இருப்பார்கள். கேட் எப்போது திறக்கும் என்று குழுவில் செய்தி வரும். வேன் ஓட்டுநர்களிடமும் பேசிவிட்டோம். இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் இருபது வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், முதல் சில நாட்களில் இடி நிறைய இருக்கும்.

அன்று கோபப்படாமல் உள்ளே வந்து, யார் பிள்ளை என்று பார்க்காமல் அழுத எல்.கே.ஜி. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்ட அம்மாக்களுக்கும், ஓடிப்போய் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்த அந்தத் தாத்தாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த ஓட்டமும் இடிக்கு நடுவில்தான் என்பதால் தாத்தாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

விடுமுறை இனிதாகக் கழியட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலகத்தில் ஒரு மூலை நிறையக் குடைகள் கிடக்கின்றன. பெரும்பாலும் கறுப்பு. பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் அடையாளம் சொல்லி எடுத்துப் போகவும்.