மிட்லாண்டிலிருந்து: பிள்ளைகளின் படிப்பு பற்றி

மிட்லாண்ட், டெக்சஸ்
ஜூலை மாதம்

அன்புள்ள அம்மா அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள், அப்பா கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளையின் எண்ணெய் வயல் வேலை எங்களை ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டது. அடுத்த மாற்றல் எப்போது என்று அவருக்கே தெரியாது. பெரியவள் ஒரே வருடத்தில் இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். சிநேகிதி கிடைத்து, டீச்சரிடம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்ச வருடங்களுக்கு இருவருக்கும் வீட்டிலேயே பாடம் என்று முடிவு செய்தோம்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் போலீஸ் வராதா?" என்று அப்பா கேட்டீர்கள். வராது அப்பா. ஒரு காலத்தில் இங்கேயும் பெற்றோர் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். லீப்பர் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் 1985இல் நீதிமன்றம் போய், 1987இல் ஜெயித்தார்கள். 1994இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதன்படி வீட்டில் நடக்கும் படிப்பு ஒரு தனியார் பள்ளிக்குச் சமம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் உண்மையாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். கையில் புத்தகமோ பயிற்சித் தாளோ கண்ணால் பார்க்கும்படியான பாடம் இருக்க வேண்டும். அரசிடம் பதிய வேண்டாம், தேர்வும் கட்டாயமில்லை. பெரியவளை நிறுத்தும்போது பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். சின்னவனுக்கு ஐந்து வயதுதான், சட்டப்படி படிப்பு கட்டாயமாவது ஆறு வயதிலிருந்து. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், பென்சில்வேனியாவில் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்துத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும். மாற்றல் எங்கே போட்டாலும் முதலில் அந்த ஊர்ச் சட்டத்தைத்தான் பார்ப்போம். கல்லூரிக்கு என்ன செய்வீர்கள் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் வீட்டில் படித்தவர்களை மற்ற மாணவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சட்டம் எளிது. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஒரு வருடத்துக்கான எல்லாப் பாடத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, பல நூறு டாலருக்கு விற்கிறார்கள். திங்கட்கிழமை இந்தப் பக்கம், செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் என்று எல்லாமே எழுதியிருக்கும். பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவள் வாசிப்பில் ஒரு படியிலும் கணக்கில் வேறொரு படியிலும் நிற்கிறாள், அந்தப் பெட்டிக்கு அது தெரியாது. பிள்ளையைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்க வேண்டும், வயதைப் பார்த்து அல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தேன்.

கணக்குக்கு சிங்கப்பூர் முறை. 1980களின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசு தன் தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. 1995இல் பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் நடத்திய கணக்குத் தேர்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்ற பிறகு அமெரிக்கர்களும் அதைத் தேட ஆரம்பித்தார்கள். முதலில் கையில் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண். மீனாவிடம் 12 மாம்பழம், ரவியிடம் அதைவிட 5 குறைவு, இருவரிடமும் சேர்த்து எத்தனை என்று கேட்டால் பலர் 12ஐயும் 5ஐயும் கூட்டிவிடுவார்கள். பெரியவள் மீனாவுக்கு ஒரு நீளப் பட்டை வரைகிறாள், கீழே ரவிக்குக் குட்டைப் பட்டை, இடைவெளியில் 5 என்று எழுதுகிறாள். ரவியிடம் 7 என்பது அவள் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. 19 என்று சொல்லும்போது அவள் முகத்தில் குழப்பமே இல்லை. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று பார்க்கப் பதிப்பகமே இலவசமாக ஒரு சோதனைத் தாள் தருகிறது. அது அவளை இரண்டாம் வகுப்பில் வைக்கவில்லை, முதல் வகுப்பின் பிற்பாதியில் வைத்தது. அங்கிருந்தே தொடங்கினோம். அடித்தளம் கெட்டியாக வேண்டும், அவசரமே இல்லை.

சின்னவனுக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. குயிஸ்னர் கோல்கள் என்று வண்ணக் கட்டைகள் வாங்கியிருக்கிறோம். ஜார்ஜ் குயிஸ்னர் என்ற பெல்ஜிய ஆசிரியர் கண்டுபிடித்தது. ஒரு சென்டிமீட்டர் வெள்ளையில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம். ஆரஞ்சுக் கட்டையின் பக்கத்தில் இரண்டு மஞ்சளை வைத்துச் சரியாக இருக்கிறதென்று கத்துகிறான். நீலமும் வெள்ளையும், பழுப்பும் சிவப்பும் என்று பத்துக்கான ஜோடிகளை அவனே தேடிக் கண்டுபிடிக்கிறான். நாங்கள் வாங்கியதிலேயே அதிகம் பயன்படுவது இந்தக் கட்டைகள்தான்.

ஆங்கில வாசிப்புக்குத்தான் நான் ரொம்ப நேரம் செலவழித்துத் தேடினேன். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதும் மொழி அது. 'கேட்' (பூனை) என்றாலும் 'சிட்டி' (நகரம்) என்றாலும் முதலில் வருவது ஒரே 'சி' எழுத்துதான். நம் தமிழில் எழுத்துகளைத் தெரிந்துகொண்ட பிள்ளை பெரும்பாலும் வாசித்துவிடும், இதில் அப்படி நடக்காது. படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கச் சொல்லும் புத்தகங்களை நான் தொடவே இல்லை. ஒவ்வொரு ஒலியாக வரிசைப்படி சொல்லிக்கொடுத்து, அதுவரை படித்த ஒலிகளை மட்டும் வைத்து எழுதிய குட்டிக் கதைகளைத் தரும் பாடத்தை எடுத்தேன். ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. காந்தம் ஒட்டிய எழுத்துகளைப் பலகையில் நகர்த்திப் பெரியவள் சொல் கட்டுகிறாள். முன்பெல்லாம் புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கியவள், இப்போது தம்பிக்குப் படித்துக் காட்டுகிறாள் அம்மா. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அறிவியலுக்கும் சரித்திரத்துக்கும் பாடப் புத்தகமே வாங்கவில்லை. இங்கே விற்பதில் பல கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படையில் எழுதப்பட்டவை. அந்தக் குடும்பங்களுக்கு அது பொருத்தம், நமக்கு வேறு வழி வேண்டும். பொது நூலகத்தில் வேண்டிய மட்டும் எடுத்து வருகிறோம், காசு கிடையாது. நான் ஒருமுறை வாசிக்கிறேன், பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார்கள். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே வற்புறுத்திய வழி. பாடம் ஒவ்வொன்றும் சின்னதாக இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். சின்னவனுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் எதையும் இழுப்பதில்லை. ஊரில் எண்ணெய் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. இந்த வறண்ட பூமி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது என்பதை அங்கே காட்டுகிறார்கள். தன் அப்பா தோண்டும் எண்ணெய் அந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரிந்ததிலிருந்து சின்னவன் அவரை விடுவதில்லை.

பென்சில், கிரயான், பசை, கத்தரிக்கோல் எல்லாம் ஆகஸ்டில் வாங்குவோம். பள்ளி திறக்கும் முன் ஒரு வாரக் கடைசியில் 100 டாலருக்குக் குறைந்த பள்ளிச் சாமான்களுக்கு டெக்சஸில் விற்பனை வரி கிடையாது. மற்ற நாளில் அது 8.25 சதவீதம் வரை போகும்.

இனி தமிழ். ஹூஸ்டனில் தமிழ்ப் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள், இங்கே நாங்கள்தான் பேச வேண்டும். உப்புத்தாளில் அ, ஆ வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறேன், விரலால் தடவிக்கொண்டே சின்னவன் எழுத்தைச் சொல்கிறான். மரியா மாண்டிசோரியின் முறை இது. அவர் 1939இல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றாலும், வண்ணத்தில் அச்செடுக்க இங்கே செலவு அதிகம். பிள்ளைகளும் கையில் புத்தகம் வேண்டும் என்கிறார்கள்.

அதனால் அப்பா, ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒவ்வொன்று வாங்கி அனுப்புங்கள். நாலுவரி நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் அரை டஜன் வேண்டும். சிவகாசி நோட்டின் தாள் வழவழப்பு இங்கே கிடைக்கும் நோட்டில் இல்லை. அம்மா, பரணில் இருக்கும் பல்லாங்குழிப் பலகையையும் வையுங்கள். எண்ணிப் போட்டுப் பழக அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை. புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவும் வேண்டாம். அனுமதியும் சான்றிதழும் இல்லாத விதையை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், பார்சலையே நிறுத்திவிடுவார்கள். காய்க்குக் கண்ணாடி மணிகளை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே மாலை ஆறரை, வீடியோவில் வருகிறோம். வாரம் ஒரு கதை அப்பா சொல்லுங்கள், பிள்ளைகள் மறு வாரம் தமிழில் திருப்பிச் சொல்வார்கள். முதல் கதை தெனாலிராமனாக இருக்க வேண்டும் என்று பெரியவள் எழுதச் சொன்னாள். சின்னவனுக்குப் பேய்க் கதை வேண்டுமாம், அதற்கு அம்மாதான் சரி.

உங்கள் அன்பு மகள்