அம்மாவின் படத்தை வெளியே எடு

அன்புள்ள பங்காளிக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தும் பதில் எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டிருந்தால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் முழங்காலுக்கு அந்த எண்ணெயையே தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போ.

போன மாதம் மகளோடு ரோமுக்குப் போயிருந்தேன். விடுதி அறையில் உள்ளங்கை அளவு அச்சுப் படத்தை வைத்துக்கொண்டு விடிய விடியச் சண்டை போட்டோமே, இத்தாலிய ஓவியன் கரவாஜியோவின் 'மத்தேயுவை அழைத்தல்', வரி வசூலிக்கும் மத்தேயுவை ஏசு சீடனாகக் கூப்பிடும் அந்த ஓவியம், அதன் எதிரே நின்றேன். மூன்றே கால் மீட்டர் உயரமடா அது!

சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி தேவாலயம். பீடத்தை நெருங்கும்போது இடப்பக்கம் ஒரு சிற்றாலயம். ஒரே இருட்டு. காசு போட்டால்தான் விளக்கு எரியும். யாரோ போட்டார்கள், எல்லோரும் படம் எடுத்தார்கள், விளக்கு அணைந்தது, கூட்டம் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். கண் பழகியதும்தான் அந்தச் சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலே இருந்த சன்னல் தெரிந்தது. இடது சுவரில் இருக்கிற நம் ஓவியத்தில் வெளிச்சம் வலமிருந்து வருகிறது. எதிர்ச் சுவரில் மத்தேயுவைக் கொல்லும் ஓவியத்தில் இடமிருந்து. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரே சன்னல்! அச்சுப் படத்தில் இதை எங்கே பார்ப்பது?

நம் ஓவியத்துக்குள்ளும் ஒரு சன்னல் உண்டு, நினைவிருக்கிறதா? அதன் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வருவதில்லை. வெளிச்சம் ஏசுவின் தலைக்கு மேலாகச் சாய்ந்து வந்து, வரி வசூலிக்கிறவர்களின் மேசையில் விழுகிறது. ஏசுவோ இருட்டில் நிற்கிறார். பாதி முகமும் ஒரு கையும்தான் தெரிகின்றன. அந்தக் கையை, மாவு பிசைந்து ஓய்ந்த கை என்பாய் நீ. அது வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மிக்கேலாஞ்சலோ தீட்டிய ஆதாமின் கையை ஒட்டித் தீட்டியது. மேசைக் கோடியில் ஒரு பையன் குனிந்து காசு எண்ணிக்கொண்டிருக்கிறான். வெளிச்சம் அவன்மேலும் விழுகிறது, அவன்தான் நிமிரவில்லை. அவனைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இவ்வளவு நாள் நான் தவறாக நினைத்திருந்தது ஒன்று உண்டு. கரவாஜியோ வெளிச்சத்தைச் சுற்றி இருட்டைத் தீட்டினான் என்று நம்பினேன். அவன் முதலில் கான்வாஸ் முழுக்க அடர்ந்த பழுப்பு அடிப்பூச்சு கொடுத்துவிடுவான். நிழல் வேண்டிய இடங்களில் பல நேரம் அந்தப் பூச்சையே விட்டுவைப்பான். வெளிச்சம் பட வேண்டியதை மட்டும் மேலே தீட்டுவான். இருட்டு முதலிலேயே அங்கே இருக்கிறது. அதிலிருந்து யாரை வெளியே கூப்பிடுவது என்பதுதான் அவன் வேலை.

அங்கே நிற்கும்போதே உன் அம்மா படம் நினைவுக்கு வந்தது. அரிக்கேன் விளக்கின் அருகே அம்மா முறத்தில் அரிசி புடைக்கிற படம். பரணில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அது கெட்டது அம்மா முகத்தால் அல்ல. பின்சுவரில் காலண்டர், பித்தளைக் குடம், அடுக்குப் பானை, ஆணியில் தொங்கிய சட்டை என்று ஒன்று விடாமல் தீட்டினாயே, அதனால்தான். அரிக்கேன் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டுமா? நிழலில் கருப்பே படக்கூடாது என்று வாத்தியார் தலையில் குட்டியதை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறாய்? அவர் நீர்வண்ணத்துக்குச் சொன்னதடா அது.

கையை மீறிப் போனது என்று எழுதியிருந்தாய். அந்த எதிர்ச் சுவர் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடியில் வேறொரு ஓவியம்! பெரிய கட்டடம், முன்னால் சின்னச் சின்ன ஆட்கள். சரிவரவில்லை என்றதும் அதன்மேலேயே புதிதாகத் தீட்டிவிட்டான். தேவாலயத்துக்கென்று அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது; வயது 28. உனக்கு 61 ஆகிறது, பார்வை மங்குகிறது என்கிறாய். தெரியும். அதனால்தான் இந்த வருடமே செய் என்கிறேன்.

புரட்டாசியில் ஊருக்கு வருகிறேன். ஒரு டப்பா பழுப்பு வண்ணம் கொண்டுவருகிறேன், சுவரை நாம் இருவரும் சேர்ந்து மூடுவோம். அம்மாவின் முகத்தையும் முறத்தையும் நீ தொடவே வேண்டாம். அதற்குள் படத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வை. அரிக்கேன் விளக்குக்கும் புதுத் திரி போட்டு வை.

அன்புடன்,
உன் பங்காளி