சொல் விளையாட்டுக்கு இருபது நிமிடம் விடுங்கள்

பள்ளிகளைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் 1 முதல் 3 வரை மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியை நான். சென்ற வாரம் வந்த அதிகாரி, வகுப்பில் சத்தம் அதிகம், விளையாட்டைக் குறைத்துப் பயிற்சி நூலை முடிக்கவும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அது என்ன சத்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் 'பட்டம்' என்றேன். வட்டம், கட்டம், சட்டம் என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் 'ஆட்டம்' என்றான். சேராது, முதலெழுத்து நீளுது என்று மற்றவர்கள் மறித்தார்கள். இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையில், முதலெழுத்து அளவொத்து வர வேண்டும் என்ற இலக்கணத்தை, அதன் பெயர் தெரியாமலே அவர்கள் பிடித்துவிட்டார்கள். கல், கால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதும் பிள்ளைக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

அடுத்தது 'மலை'. தலை, வலை, விலை என்று போனபோது ஒரு பையன் 'மழை' என்றான். "அது வேற டீச்சர், நாக்கு மடங்குது" என்றாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. சரி, அப்படியானால் மழைக்கு எது சேரும் என்றேன். தழை, பிழை என்று புது வரிசை பிறந்தது. பிறகு அந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். முதலெழுத்து மட்டும் மாறுவதால், ஒன்றை வாசித்தவர்கள் மற்றவற்றையும் வாசித்தார்கள். அதிகாரியின் காதில் விழுந்த சத்தம் இதுதான்.

பதிவேட்டில் எழுதியதை மீற எனக்குத் துணிவில்லை, விளையாட்டை நிறுத்திவிட்டேன். புத்தகத்தை நீட்டினால் வாயே திறக்காத மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், இந்த விளையாட்டில் மட்டும் முந்திக்கொண்டு சொல்வான். இப்போது அவன் மறுபடியும் ஊமையாக உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தாங்கவில்லை.

2022-இல், சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது ஆடுங்கள், பாடுங்கள், கதை சொல்லுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சி தந்தது நம் துறைதானே? பயிற்சியில் ஒன்று, பார்வையில் வேறொன்று என்றால் நாங்கள் எதைக் கேட்பது? மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்றச் சிக்னல் தேடி வாசலுக்குப் போகிறேன். உடன் பணியாற்றுபவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் என் பொறுப்பு. இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, பிள்ளைகள் வாய்திறந்து தமிழ் பேச மட்டும் நேரம் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இருபது நிமிடம். தினமும் சொல் விளையாட்டுக்கென்று அதைக் கால அட்டவணையிலேயே சேர்க்க அனுமதி தாருங்கள். அந்த நேரத்துச் சத்தத்தைக் குறையாக எழுத வேண்டாம். அடுத்த முறை வரும்போது தயவுசெய்து பிள்ளைகளோடு வட்டத்தில் உட்காருங்கள், நீங்களும் ஒரு சொல் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை